புத்தகத்தில் இல்லாத ரத்தக்குழாய்

உடற்கூறியல் புத்தகத்தின் படத்தில் ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் ஒரே ஒரு தமனிதான். ஆனால் ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும் பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பிறந்தவர் இல்லையே!

ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கூடுதல் தமனி உண்டு. கருவில் சிறுநீரகம் இடுப்புக்குழியில் உருவாகி மெல்ல மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் புதிய தமனிகளைப் பெற்றுக்கொண்டு பழையவற்றை விட்டுவிடுகிறது. அப்படி விடுபடாமல் தங்கிவிட்டதுதான் இது.

சாதாரணமாக இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கருப்பை, சினைப்பைப் புற்றுநோய்க்காக மகாதமனியை ஒட்டிய நிணநீர்க் கணுக்களை எடுக்கும்போதுதான் சிக்கல். ஏதோ சின்னக் குழாய் என்று அதைக் கட்டிவிட்டால், அது ஊட்டிவந்த சிறுநீரகப் பகுதி செத்துப்போகும். பக்கத்துத் தமனி உதவிக்கு வராது. இடது சிறுநீரகச் சிரையும் சிலருக்கு மகாதமனிக்கு முன்னால் போகாமல் பின்னால் போகிறது. இன்னும் கீழே, இடுப்பெலும்பின் மேல் குறுக்கே ஓடும் ஓர் இணைப்புக் குழாய்க்குப் பெயரே 'கொரோனா மார்ட்டிஸ்', அதாவது மரணக் கிரீடம். அறுபட்டால் அதன் முனை உள்ளே சுருங்கி ஒளிந்துகொள்ளும். ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு.

சரி, என்ன செய்யலாம்? புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே, சாயம் செலுத்தி எடுத்திருந்தால், பெரிய குழாய்களின் போக்கும் தெரியும். கட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தை உறையில் போடக் கூடாது. கத்தி எடுக்கும் மருத்துவரே ஒருமுறை குழாய்களையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, எழுதிவைப்பது. பல்லவர் கோயிலுக்குப் பேர்போன பனமலையில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்தால், 2010-இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகலாம். ஒரு இடத்தில் கண்ட மாறுதல் அடுத்த இடத்துக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதினால்தான் தெரியும்.

கூட்டம் அலைமோதும் ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். தெரியாமல் அறுபட்ட சிரையை அடைக்க ஒரு மணி நேரமும் பல பாட்டில் ரத்தமும் வேண்டியிருக்கும். அந்த ரத்தத்துக்கு அலையப்போவது வெளியே காத்திருக்கும் குடும்பம்தான்.