உடுப்பு முதலில், உணரி பிறகு

ஏட்டையும் இழையையும் 'நூல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிற மொழி நம்முடையது. நன்னூல் இயற்றிய பவணந்தியாரே இரண்டையும் ஒப்பிட்டு உவமை சொல்லியிருக்கிறார். ஆகவே இலக்கியம் பேசுகிறவர்கள் ஒருநாள் சட்டையைப் பற்றிப் பேசினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

அணிந்தவரின் இதயத்துடிப்பையும் மூச்சையும் அளந்து சொல்லும் சட்டை அது. அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியுடன் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 1996-இல் இதற்கான முன்னோடி ஆய்வு தொடங்கியது. முன்னின்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற சுந்தரேசன் ஜெயராமன். போர்வீரனின் உடலில் குண்டு எங்கே பாய்ந்தது என்று சட்டையே சொல்ல வேண்டும். அதற்காக ஒளியிழையைத் துணிக்குள் சுருள்சுருளாக ஓடவிட்டார்கள். இழை அறுந்தால் ஒளி நிற்கும், இடம் தெரிந்துவிடும். ஆனால் கைத்துளைக்காகத் துணியை வெட்டித் தைத்தால் இழையும் அல்லவா வெட்டுப்படும்? வெட்டாமல், தைக்காமல் முழுச் சட்டையையும் தறியிலேயே நெய்தெடுக்கும் முறையை அவர்கள் கண்டார்கள். அந்த முடிச்சை அவிழ்த்தது மின்னணுவியல் அன்று, நெசவு. எங்களை மிகவும் கவர்ந்தது இதுதான்.

பின்னால் வந்த உடற்பயிற்சி ஆடைகள் பலவற்றில் இந்தப் பாடம் மறக்கப்பட்டுவிட்டதாகவே எங்களுக்குப் படுகிறது. முதலில் கருவி, பிறகு அதைச் சுமக்க ஒரு துணி என்றாகிவிட்டது.

மின்முனை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். நழுவினால் அசைவின் இரைச்சல் துடிப்பாகப் பதிவாகும். வறண்டிருந்தாலும் சரிப்படாது. எங்கள் நண்பர் ஒருவர் இத்தகைய பனியனை வரவழைத்து அணிந்து மெரினாவில் நடந்தார். வியர்ப்பதற்கு முன்பே துடிப்பு 190 என்று காட்ட, பதறி மணலில் உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தால் 84! (மார்புப்பட்டையை நீரில் நனைத்துக் கட்டிக்கொள்ளும் பழைய வழக்கம் எவ்வளவு அறிவுடையது!)

இந்த நழுவலைத் தவிர்க்கவே பாலியஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்து இரண்டாவது தோல்போல இறுக்கித் தைக்கிறார்கள். குளிர்நாட்டுக் காலைக்கு அது பொருந்தலாம். சென்னையின் மே மாதத்தில், காற்றே ஈரமாயிருக்கும்போது, வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடல் குளிர்வதில்லை. உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதை எச்சரிக்க வேண்டிய சட்டையே வெப்பத்தைக் கூட்டுமானால் அதை என்னவென்பது? தோலின் வெப்பம் உள்வெப்பம் ஆகாது என்பது வேறு. பருத்திதான் தீர்வு என்றும் சொல்லமாட்டோம். அது வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். உணரி இருக்கும் ஒரு பட்டை மட்டும் இறுகி, மற்றப் பகுதி காற்றோட்டமாகத் தளர்ந்திருந்தால் போதாதா?

சுடிதாரோடும் சேலையோடும் கான்வாஸ் காலணி அணிந்து நடக்கிற பெண்களை இந்த வடிவமைப்பாளர்கள் எண்ணிப் பார்த்ததாகவே தெரியவில்லை. அவர்கள் மனத்தில் இருப்பது ஓர் இளைஞனின் தட்டையான மார்பு.

இன்னொன்று, அச்சம். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் உடற்பயிற்சிக்குப் பின் உடல்நலம் குன்றி, 46 வயதில் காலமானார். அந்தக் கலக்கத்தில் எங்களிலும் சிலர் இப்படியொரு சட்டையைத் தேடினோம், ஒளிப்பானேன்? ஆனால் துடிப்பை எண்ணும் சட்டை இதய நாளத்தின் அடைப்பைக் காட்டாது. ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி.யே பல வேளைகளில் அதைக் காட்டுவதில்லை. எண் சரியாயிருக்கிறதே என்று நெஞ்சுவலியைப் புறக்கணிக்கிறவருக்கு அந்தச் சட்டை இல்லாமலிருப்பதே மேல். இதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பதிவாகும் அளவுகள் யாரிடம் போய்ச் சேருகின்றன என்பதையும் சேர்த்து.

கடைசியாகத் துவைப்பு. மின்சாரம் கடத்த வெள்ளி பூசிய நைலான் இழையைப் பின்னுகிறார்கள். துவைக்கத் துவைக்கப் பூச்சு தேய்கிறது, மின்தடை கூடுகிறது. நம் வீடுகளிலோ துவைகல், சலவைத்தூள், முறுக்கிப் பிழிதல், மொட்டைமாடி வெயில். நண்பரின் பனியன் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஐம்பது சலவைக்குப் பிறகு ஒரு பனியன் எங்கே தளரும், எங்கே நையும் என்று திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மின்சுற்றை வரைந்து முடித்தபிறகு அவர்களிடம் போகாமல், முதல் நாளே கூப்பிட்டு உட்காரவைக்கட்டும்.