சிறுவாட்டுப் பணமும் வெள்ளி ரூபாயும்

தபால்தலை சேர்ப்பது எளியவர்க்கு உரியது, நாணயம் சேர்ப்பது செல்வந்தர்க்கு உரியது என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. அதிலும் பழைய வெள்ளி நாணயம், அதற்குமேல் நிபுணர் பார்த்துத் தரம் குறித்துக் கொடுத்த நாணயம் என்றால் கேட்கவே வேண்டாம்! "நமக்கு எதற்கு இந்த ஆசை?" என்று பெரியோர் சிரிப்பார்கள். இவ்வெண்ணம் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. தரம் குறித்த நாணயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது செல்வந்தர்க்கும் கட்டுப்படியாகாது. கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினால் பள்ளி மாணவியின் சிறுவாட்டுப் பணமே போதும்.

முதலில் தரம் குறிப்பது என்றால் என்ன? அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல், தம் நாட்டின் பழைய செப்புக் காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் முறையொன்றை வகுத்தார். 70 பெற்ற காசு, 1 பெற்ற காசைப் போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு பிற்காலத்தில் பொய்த்துப் போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. செப்புக்கு வகுத்த அளவுகோல் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் வந்துவிட்டது. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்னும் அமெரிக்க நிறுவனங்கள் இவ்வேலையைத் தொடங்கின. நாணயத்தைச் சோதித்து, அது மெய்யானதுதான் என்று உறுதி கூறி, மதிப்பெண்ணை அச்சிட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டுத் தருகிறார்கள். 60-உம் அதற்கு மேலும் பெற்றது புழக்கத்துக்கே வராத நாணயம். 50 முதல் 58 வரை, சற்றே புழங்கியது. அதற்குக் கீழே போகப் போகத் தேய்மானம் கூடும்.

இங்கேதான் நம்மைப் போன்றோர்க்கு ஒரு வழி திறக்கிறது. 60 மதிப்பெண் நாணயம் யார் கையிலும் புழங்கவில்லைதான். ஆனால் நாணயச்சாலைப் பைக்குள் ஒன்றோடொன்று உரசி முகமெல்லாம் கீறலாக இருக்கலாம். 58 பெற்றதோ, மேட்டுப் பகுதிகளில் மட்டும் ஒரு துளி தேய்ந்து, மற்றபடி பளிச்சென்று இருக்கும். பார்ப்பதற்கு 58 அழகு, விலைக்கு 60 உயர்வு! எனக்கு இது தேர்வு முடிவுகளை நினைவூட்டுகிறது. எழுத்தைக் கூட்டிப் படிப்பவளும் பொருள் உணர்ந்து படிப்பவளும் ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் இடம் மாறிப் போவதில்லையா? பெட்டியின் மேலுள்ள எண் ஒரு நிபுணரின் கருத்து. நல்ல கருத்துதான். ஆயினும் நம் கண்ணுக்கு அது மாற்று ஆகாது.

எதை வாங்குவது? நம் நாட்டில் ஆங்கிலேயர் வெளியிட்ட வெள்ளி ரூபாயைவிடத் தக்கதொன்று எனக்குத் தோன்றவில்லை. 1835 முதல் 1939 வரை அதன் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதாவது ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி. 1940 முதல் 1945 வரை எடை அதுவே, ஆனால் வெள்ளி பாதிதான். 1947 முதல் வந்தவை நிக்கல். நிறத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் வெள்ளி அன்று. இந்த மூன்று வரியை மனப்பாடம் செய்துகொண்டாலே கடைக்காரர் நம்மைச் சற்று மரியாதையாகப் பார்ப்பார்! காந்தம் ஒன்று கையில் இருப்பதும் நல்லது. வெள்ளியைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் அது வெள்ளி நாணயம் அன்று. இழுக்காததெல்லாம் வெள்ளி என்று எண்ணிவிடலாகாது, எடையும் பார்க்க வேண்டும்.

மலிவானது என்பதற்காக ஒரு நாணயம் சுவையற்றதாகிவிடாது. 1918-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஏராளமாக அடிக்கப்பட்டது. ஆகவே இன்றும் எளிதில் கிடைக்கிறது. முதல் உலகப்போரின்போது இந்தியாவில் மக்கள் தாள் பணத்தை நம்பாமல் வெள்ளி ரூபாயே கேட்டார்கள். கருவூலத்தில் வெள்ளி வற்றியது. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்னும் சட்டத்தை இயற்றி, தன் வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கு மேல் உருக்கியது. அவ்வெள்ளியில் பெரும்பகுதி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டு, கப்பலேறி இங்கே வந்து ரூபாயாயிற்று. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று பெட்டியிலிட்டுப் போற்றும் மார்கன் டாலரின் உடன்பிறப்புகள், நம் பாட்டிமாரின் சுருக்குப்பையில் ரூபாயாக இருந்திருக்கக்கூடும். இந்தக் கதைக்குத் தனியாக விலை கேட்பவர் யாருமில்லை.

அந்த ரூபாயின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாமரையோடு ரோஜாவும் திசிலும் ஷாம்ராக்கும் பின்னிக் கிடக்கும். ஷாம்ராக் புனித பேட்ரிக்கின் மூவிலை என்பதை நம் அருட்சகோதரியர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது. இல்லையேல் கல்கத்தாவில் அடித்தது. முன்புறத்தில் அரசரின் அங்கியில் ஒரு யானை உண்டு. 1911-இல் வந்த ரூபாயில் அந்த யானை பன்றிபோல் தோன்றியதால் எதிர்ப்புக் கிளம்பி, மறு ஆண்டே துதிக்கையைத் திருத்தினார்கள். 1911 ரூபாய்க்கு விலை கூடுதல். 1912-ஐ வாங்கி வைத்துக்கொண்டு 1911-இன் கதையைச் சொல்வது என் போன்றோர்க்கு ஏற்றது. 1939 ரூபாயோ மிக அரிது. அதை யாரேனும் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால் விலகி நடப்பதே நலம்.

இனி, இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். 2025-இல் வெள்ளி விலை மிக ஏறியபோது, பெட்டியடியில் கிடந்த பழைய ரூபாய்களையெல்லாம் பலர் வெள்ளிக் கடையில் எடைக்குப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த வீடொன்றில் பதினாறு ரூபாய்கள் அவ்வாறு போயின. ஆண்டைக்கூட யாரும் பார்க்கவில்லை. உருக்கியபின் ராணி விக்டோரியாவும் ஒன்றுதான், வெள்ளிக் கம்பியும் ஒன்றுதான். பணத்தேவை இருந்தால் விற்கத்தான் வேண்டும்; அதைக் குறை சொல்லவில்லை. ஆண்டைப் பார்த்து, தேயாதவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை விற்கலாமே.

மற்றொன்று: தயவுசெய்து துலக்காதீர்கள்! புளி, விபூதி, பற்பொடி எல்லாம் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் உரியவை. நாணயத்தின் கருமை அதன் வயது. துலக்கிய நாணயத்துக்கு நிபுணர்கள் எண் மதிப்பெண் தருவதில்லை. "துலக்கப்பட்டது" என்று குறையை எழுதிவிடுகிறார்கள். காசுமாலையில் கோத்ததற்கு வளையம் வைத்துப் பற்றிய தடம் இருந்தாலும் அவ்வாறே. நம் நாட்டு ரூபாய்களில் இந்தக் குறை மிகுதி. அதனால் விலை குறைவு. எனக்கு மட்டும் அந்தப் பற்றுத் தடம் குறையாகத் தோன்றவில்லை. யாரோ ஒரு பெண் கழுத்தில் அணிந்திருந்தாள் என்பதற்கு அது சாட்சி அன்றோ? பணம் குறைந்தவர்கள் வாங்கத்தக்க நாணயமும் அதுவே.

நம்மிடமுள்ள ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் குறித்து வாங்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நூறாண்டு கடந்த நாணயம், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை அயல்நாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதற்குப் பிற்பட்டதாயினும், சாதாரண ரூபாய் ஒன்றுக்குத் தரம் குறிக்கும் கட்டணம் ரூபாயின் விலையையே விழுங்கிவிடும். ஏற்கெனவே பெட்டியிட்டு நம் நாட்டில் விற்பனைக்கு வருவதை வாங்குவதே முறை. அதையும் அரிய ஆண்டுக்கும் போலி மலிந்த நாணயத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அவ்வங்கியே 2021-இல் எச்சரித்தது.

"இந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாகாதா?" என்ற கேள்வி நம் பள்ளியில் எழாமல் இராது. நியாயமான கேள்வி. நாணயம் வாங்குவது சேமிப்புக்குச் சமம் என்று பதில் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. விற்கும் விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் இடையே கடைக்காரரின் பங்கு இருக்கிறது. இது சேமிப்பு அன்று, ஆசைதான். ஆசைக்கு அளவு வேண்டும். தவக்கால உண்டியலுக்குரியது முதலில். மீதியில் ஆண்டுக்கு ஒரு நாணயம். நற்செய்தியில் வரும் பெண்ணிடம் இருந்தவை பத்தே வெள்ளிக் காசுகள். ஒன்று காணாமற்போனதும் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடினாள். ஐந்நூறு காசு வைத்திருப்பவளுக்கு ஒன்று குறைந்தது தெரியவே தெரியாது.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நம் பள்ளிச் சுற்றுலாவில் அதையும் சேர்த்தால் நன்றாயிருக்கும். அடுத்த ஆண்டுப் பொருட்காட்சியில் ஒரு மேசை போட்டு, வீட்டிலுள்ள பழைய ரூபாயைப் பெற்றோருடன் கொண்டுவரச் சொல்லி, ஆண்டையும் எடையையும் பார்த்துச் சொல்ல நாங்கள் நால்வர் ஆயத்தமாக இருக்கிறோம். பூதக்கண்ணாடி உயிரியல் ஆய்வுக்கூடத்திலும், தராசு வேதியியல் ஆய்வுக்கூடத்திலும் உள்ளன. தலைமை அன்னையின் அனுமதி மட்டுமே பாக்கி.