புதிய மோட்டார் சைக்கிள்: பணிமனையா, வீட்டு முற்றமா?

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலையூர்களிலும் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. வத்தேகமத்திலிருந்து பாடசாலைக்கு வரும் ஆசிரியரும், ஹந்தானைச் சரிவிலிருந்து பேராதனைக்குச் செல்லும் மாணவரும் அதனை நம்பியே காலையிற் புறப்படுகின்றனர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது, விலை ஏறிற்று. ஆதலின், புதுவண்டி வாங்குவோர் பல்லாண்டுச் சேமிப்பையோ தவணைக் கடனையோ அதில் இடுகின்றனர். அதனைப் பேணும் பொறுப்பை முகவரின் பணிமனையிடம் ஒப்படைப்பதா, வீட்டு முற்றத்திலே தாமே செய்துகொள்வதா என்னும் வினா சிறியதன்று.

முகவரிடம் கொடுத்துவிட்டால் தமக்குக் கவலை இல்லை என்பர் ஒருசாரார். இலவசச் சேவை என்பது பெரும்பாலும் கூலிக்கு மட்டுமே. எண்ணெய்க்கும் உறுப்புக்கும் பணம் கொடுக்கத்தானே வேண்டும், அதனைத் தாமே செய்தால் என்ன என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றிலும் பாதி உண்மையே உண்டு.

புதிய எஞ்சினில் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்தும்போது, நுண்ணிய துகள்கள் எண்ணெயிற் கலக்கின்றன. அதனாலேயே முதற் சேவை பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் விதிக்கப்படுகின்றது. வால்வு இடைவெளியை அளந்து திருத்துதல், ஆணிகளை உரிய விசையளவில் முறுக்குதல் ஆகியவற்றுக்கு அளவுகருவியும் பழகிய கையும் வேண்டும். அமெரிக்காவில் 1975 இல் இயற்றப்பட்ட மக்னசன்–மொஸ் சட்டம், தன் பணிமனையிலேயே சேவை பெறவேண்டும் என்பதை நிறுவனம் உத்தரவாதத்துக்கு நிபந்தனையாக்குவதைப் பொதுவாகத் தடுக்கின்றது. அந்நாட்டு நியாயத்தை இந்நாட்டு முகவரிடம் எடுத்துரைத்துப் பயனில்லை. நம் கையிலுள்ள உத்தரவாத அட்டையின் நிபந்தனையையே நாம் படித்தல் வேண்டும். அதில் குறித்த சேவைகளை அக்காலம் முடியும்வரை முகவரிடமே செய்வித்து, நாளும் தூரமும் பதிந்து முத்திரை பெறுதலே அறிவுடைமை.

எனினும், முகவர் வண்டியைக் காண்பது சில மாதத்துக்கு ஒருமுறை. மழையும் மலையும் அதனை நாள்தோறும் தாக்குகின்றன. கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்குவோனுக்குப் பிறேக்கே உயிர். அதன் தேய்வும், ரயரின் காற்றும், செயினின் தளர்வும் அடுத்த சேவை வரை காத்திரா. மழைநீர் செயினின் மசகை விரைவிற் கழுவிவிடும். சமவெளிக்குப் போதுமான தவணை நம் ஊருக்குப் போதாது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு பணிவிடை செய்வோனையும் சேர்த்து நான்கென எண்ணுகின்றது. வண்டிக்கு முகவர் மருத்துவரானால், அருகிருந்து பேணுவோன் அதன் உடைமையாளனே. மருத்துவர் இருக்கிறார் என்று பணிவிடையைக் கைவிடலாகாது. பணிவிடை செய்வோன் கத்தியைக் கையிலெடுத்தலும் ஆகாது.

உத்தரவாதக் காலம் கழிந்தபின் எண்ணெய் மாற்றுதல் போன்ற எளிய பணிகளை வீட்டிற் செய்யலாம். அங்கும் விதியுண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் ஒரே எண்ணெய்தான் பாய்கின்றது. மலிவென்று காருக்குரிய எண்ணெயை ஊற்றின் கிளச் வழுக்கக்கூடும். ஆதலின், கைந்நூல் குறிக்கும் தரத்தையே வாங்குக. எண்ணெய் வடிக்கும் ஆணியை வலிந்து முறுக்கின் அலுமினியப் புரி அழியும். மிச்சம் பிடித்த கூலியைப் போலப் பன்மடங்கு அதற்கே செலவாகும்.

வடித்த கழிவெண்ணெயைக் கானில் ஊற்றுவோரும் உளர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைத்த கண்டி ஏரியின் நீர் மெத எலவின் வழியே மகாவலியைச் சேர்கின்றது. நகரத்துக் கானில் ஊற்றிய எண்ணெயும் அவ்வழியே செல்லக்கூடும். அதனைக் கலத்தில் அடைத்துக் கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜிடம் ஒப்படைக்க இயலாதவர், வீட்டில் எண்ணெய் மாற்றாதிருத்தலே நன்று.

ஆகவே, முகவரா, வீடா என்று ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்வது பிழை. அளவுகருவி வேண்டும் பணி முகவருக்கும், நாள்தோறும் வேண்டும் கவனம் நமக்கும் உரியன. ஒரு சொல்லின் பொருள் காண உரைகள் பலவற்றைப் புரட்டும் நம் ஆசிரியரும் மாணவரும், தம் உயிரைச் சுமக்கும் வண்டியின் கைந்நூலை உறைபிரியாது வைத்திருத்தல் தகுமா? கையிற் கரிபடுதல் கற்றோர்க்கு இழுக்கன்று. பிறேக் தேய்ந்ததை அறியாது இறக்கத்தில் இறங்குதலே இழுக்கு.