பேயை விடுங்கள், ஓட்டுநரைப் பாருங்கள்

எனக்கு வீடு சாத்தமில், நர்ஸ் வேலை மெய்ட்ஸ்டனில். இரண்டுக்கும் நடுவே புளூ பெல் ஹில். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துச் சுண்ணாம்பு மலை அது. ஏ229 சாலை அதன்மேல் ஏறி இறங்குகிறது. நைட் டியூட்டிக்குப் போனால் உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள்: "வழியில் கல்யாணப் பெண்ணைப் பார்த்தாயா?"

1965 நவம்பரில் அங்கே நடந்த கார் விபத்தில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு விபத்தின் மறுநாள் திருமணம் நடக்கவிருந்தது. அன்றிலிருந்து ராத்திரியில் யார் எதைக் கண்டாலும் அவள் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

எனக்கு இதில் கோபம் உண்டு. 1974 ஜூலையில் அதே மலையில் ஒரு கொத்தனார், காரை ஓட்டி வரும்போது ஒரு பெண்ணை இடித்துவிட்டதாக நினைத்தார். அவர் சொன்ன அடையாளம்: பத்து வயதுச் சிறுமி, வெள்ளைச் சட்டை, வெள்ளை சாக்ஸ். அவளைப் போர்வையால் சுற்றி ஓரத்தில் கிடத்திவிட்டு ராச்செஸ்டர் போலீஸ் நிலையத்துக்கு விரைந்தார். போலீஸ் வந்தபோது போர்வை மட்டும் கிடந்தது. ரத்தமில்லை, மோப்ப நாய்க்கும் எதுவும் பிடிபடவில்லை. பத்து வயதுக் குழந்தை எப்படிக் கல்யாணப் பெண் ஆகும்? இறந்தவளின் உறவினர்கள் காதில் இந்தக் கதை விழுமே என்றாவது யோசிக்க வேண்டாமா?

1992 நவம்பரில் அங்கேயே இன்னோர் ஓட்டுநர். குறுக்கே ஓடிவந்த பெண் தன் கண்களையே பார்த்தபடி காருக்கு அடியில் போனாள் என்றார். ஒருத்தியைக் கொன்றுவிட்டோம் என்றே நம்பி, மெய்ட்ஸ்டன் போலீஸிடம் தானே போய் நின்றார். தேடினார்கள், யாருமில்லை.

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. அதற்காக இவர்களைக் குடிகாரர், பொய்யர் என்று தள்ளிவிடவும் மாட்டேன். லண்டனில் இப்படிப்பட்ட அனுபவங்களை ஆராயவென்றே 1882இல் தொடங்கிய ஆய்வுச் சங்கம் சுமார் 17,000 பேரை விசாரித்து 1894இல் அறிக்கை வெளியிட்டது. விழித்திருக்கும்போதே இல்லாத ஒன்றைக் கண்டதாக, கேட்டதாகப் பத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். எல்லோரும் நம்மைப்போன்ற மனிதர்கள்தாம்.

இருட்டுச் சாலை. பார்த்தவர் எவருமில்லை. போய்விடலாம் என்று எந்த மனமும் சொல்லியிருக்கும். இந்த இரண்டு ஓட்டுநர்களும் அப்படிப் போகவில்லை. இடித்துவிட்டு நிற்காமல் போனவர்களால் வந்து சேர்ந்த உடல்களை வார்டில் பார்த்தவள் நான். எனக்கு அந்தக் கொத்தனார் பெரிய மனிதர்.

அதனால்தான் இந்தக் கல்யாணப் பெண் கேலி எனக்கு ஆபத்தாகவும் படுகிறது. நாளை ஓர் ஓட்டுநர் நடுங்கிக்கொண்டு வந்து சொன்னால், "அது எங்கள் பேய்தானப்பா, வீட்டுக்குப் போ" என்று எந்தப் போலீஸ்காரரும் அனுப்பிவிடக் கூடாது. அங்கே நிஜமாகவே ஒருத்தி அடிபட்டுக் கிடக்கலாம்.