நாகப்பட்டினம் இழந்த கல்லூரி

பள்ளிபாளையத்தைக் கடக்கும் காவிரி சென்றடையும் திருச்சியில், மெயின்கார்டு கேட் அருகே அமைந்துள்ள புனித வளனார் கல்லூரியைக் கொங்கு நாட்டுப் பெற்றோர் திருச்சிக்கே உரியதாக அறிந்திருப்பினும், அது 1844-இல் இயேசு சபையினரால், அதாவது 1773-இல் போப்பின் ஆணையால் கலைக்கப்பட்டு 1814-இல் மீண்டும் உயிர்பெற்ற கத்தோலிக்கத் துறவியரால், நாகப்பட்டினத்தில் நிறுவப்பட்டதாகும். இச்சபையின் பள்ளி மரபு 1599-இல் வகுக்கப்பட்ட கல்வி நெறிமுறையின் வழிவந்தது; அதன்படி சிறுவர்கள் முதலில் இலத்தீன் இலக்கணத்தை மூன்று படிநிலைகளில் பயின்று, பெயர்ச்சொல்லின் வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் மனப்பாடமாக ஒப்பித்துத் தேறிய பின்னரே இலக்கியத்துக்கும், கேட்போர் உளங்கொள்ளப் பேசவும் எழுதவும் பயிற்றுவிக்கும் சொற்கலைக்கும் செல்ல இயலும். 1866-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இக்கல்லூரி 1883-இல் திருச்சிக்குப் பெயர்ந்தது. 1920-களின் இறுதிக்குள் நாகப்பட்டினத்து ரயில் பணிமனையும் திருச்சியின் பொன்மலைக்குப் போயிற்று. ஒரு துறைமுக நகரம் தன் கல்விக்கூடத்தையும் தொழிற்கூடத்தையும் அடுத்தடுத்து ஒரே ஊருக்குப் பறிகொடுத்தது சிறிய செய்தியன்று. எனவே, அக்கல்லூரியின் முதல் முப்பத்தொன்பது ஆண்டுகளைத் திருச்சி வரலாற்றின் முன்னுரையாகச் சுருக்கிவிடாமல், நாகப்பட்டினத்தின் வரலாறாகவே தனி நூலில் எழுதுவது தமிழக வரலாற்றாசிரியர்களின் கடமையாகும்.