பொமரேனியன்: உருவம் சிறிது, பொறுப்பு பெரிது

நாய் இல்லாத வளவு யாழ்ப்பாணத்தில் முன்னர் அரிது. படலையடியில் படுத்திருக்கும். குசினிக்குப் பின்னால் வைக்கும் மிச்சச் சோற்றைத் தின்னும். இரவில் ஆள் நடமாட்டம் என்றால் குரைக்கும். வைரவரின் வாகனம் என்று அதற்கு ஒரு மதிப்பும் உண்டு. ஆனால் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் நாங்கள் செய்வதில்லை. மழைக்கு ஒதுங்க இடம் தேடுவதும், வெயிலுக்கு மரநிழலில் மண்ணைத் தோண்டிப் படுப்பதும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இன்று பல வீடுகளில் நாய் படலையடியை விட்டு விறாந்தைக்கும் சோபாவுக்கும் வந்துவிட்டது. அப்படி வந்தவற்றுள் ஒன்று பொமரேனியன். பஞ்சு போன்ற உரோமம், நரி போன்ற முகம், முதுகின் மேல் சுருண்டு கிடக்கும் வால் என்று பார்த்தவுடன் தூக்க மனம் வரும். பிள்ளைகள் கனடா, இலண்டன் என்று போனபின் தனித்திருக்கும் தாய்க்குத் துணையாக ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார்கள். சிறுவர்களுக்குப் பிறந்தநாள் பரிசாகவும் வாங்குகிறார்கள். வாங்குபவர் யாராக இருந்தாலும், சோறு குழைப்பதும் குளிப்பாட்டுவதும் வருத்தம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆகவேதான் இம்மாதம் இந்தப் பக்கத்தில் பொமரேனியனைப் பற்றிப் பார்ப்போம். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: படலையடி நாயை வளர்த்துப் பழகிய முறையில் இதனை வளர்க்க முடியாது.

குளிர் நாட்டில் பிறந்த இனம்

ஐரோப்பாவில் போல்ரிக் கடலோரத்தில் பொமரேனியா என்றொரு பிரதேசம் உண்டு. இன்று அது போலந்துக்கும் ஜேர்மனிக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. அந்த இடத்தின் பெயரே இந்த நாய்க்கு வந்தது. இதன் மூதாதையர் பனிப்பிரதேசங்களில் வேலை செய்த ஸ்பிற்ஸ் வகை நாய்கள். அவை பெரியவை. விக்ரோறியா மகாராணி 1888ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மார்க்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னரே சிறிய உருவத்துக்கு மவுசு ஏறியது. மேலும் மேலும் சிறியவற்றைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதால் இன்றைய பொமரேனியன் உருவானது.

அமெரிக்க இனத் தராதரத்தின்படி வளர்ந்த பொமரேனியன் ஒன்றின் நிறை ஏறத்தாழ 1.4 முதல் 3.2 கிலோ வரைதான். எங்கள் பக்கத்தில் பொமரேனியன் என்று விற்கப்படுபவை பல இதைவிடப் பெரியவை. அவை பெரும்பாலும் ஸ்பிற்ஸ் வகையோடு கலந்தவை. அது ஒரு குறையல்ல.  இனம் சுத்தமா என்று பார்த்துக் கூடுதல் காசு கொடுப்பதிலும், குட்டி சுகதேகியா என்று பார்ப்பது மேல். கண் தெளிவாகவும் மூக்கு ஒழுகாமலும் முரசு இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். எட்டுக் கிழமை ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள்.

குணம்

பொமரேனியன் சுறுசுறுப்பானது, புத்திசாலி, தன் ஆளை விட்டுப் பிரியாதது. அதேவேளை தன் உருவம் சிறியது என்பது அதற்குத் தெரியாது. பெரிய நாயோடும் சண்டைக்குப் போகும். ஓட்டோச் சத்தம், படலைச் சத்தம், பூனை எல்லாவற்றுக்கும் குரைக்கும். குட்டிப் பருவத்திலேயே "போதும்" என்று ஒரே சொல்லைச் சொல்லி, நிறுத்தியவுடன் ஒரு சிறு தீன் கொடுத்துப் பழக்கினால் குரைப்பு அடங்கும். அடித்துப் பழக்கினால் பயந்த நாயாகும். பயந்த நாய்தான் கடிக்கும். கோயில் திருவிழா, தீபாவளி வெடிச் சத்தங்களுக்கு இவை நடுங்கும். அந்த நேரத்தில் உள்ளறையில் விட்டு யன்னலைச் சாத்திவிடுங்கள்.

மிகச் சிறிய பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது அவ்வளவு பொருத்தமல்ல. பிள்ளை கையிலிருந்து நழுவவிட்டால் நாயின் கால் முறியும். பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தால் நாய் கடிக்கும். முதியோர் உள்ள வீட்டில் காலுக்குள் ஓடித் தடக்கி விழுத்தும் ஆபத்தும் உண்டு. நாயின் கழுத்தில் ஒரு சிறு மணி கட்டிவிட்டால் அது எங்கே நிற்கிறது என்று தெரியும்.

வெக்கையும் உரோமமும்

இந்த நாய்க்கு இரண்டு அடுக்கு உரோமம். உள்ளே பஞ்சு, வெளியே நீண்ட மயிர். சித்திரை, வைகாசி வெயிலில் இதைப் பார்த்து இரங்கி ஒட்ட வழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. வெளி உரோமம் வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. வழித்தபின் சில நாய்களுக்கு அது திரும்ப ஒழுங்காக முளைப்பதே இல்லை. கிழமைக்கு மூன்று நான்கு முறை தோல் வரை சீவி, உதிர்ந்த பஞ்சை எடுத்துவிட்டாலே காற்றுப் படும். பாதத்தடியிலும் மலவாய்ப் பக்கத்திலும் மட்டும் கத்தரித்துவிடலாம். மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை நாய்களுக்கான சம்பு போட்டுக் குளிப்பாட்டி, அடிமயிர் வரை உலர்த்துங்கள். ஈரம் நின்றால் தோலில் புண் வரும்.

காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் நடக்கக் கூட்டிச் செல்லுங்கள். வீதியின் தாரில் உங்கள் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. விடாது இளைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் கால்களிலும் சாதாரண கிணற்றுத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். நினைவு இல்லாமல் கிடந்தால் வாயில் தண்ணீர் பருக்காதீர்கள். கொஞ்சம் தெளிந்தாலும் கால்நடை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

உணவு

மூன்று கிலோ நிறையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 200 முதல் 250 கலோரிதான். நாங்கள் தேத்தண்ணீரோடு அன்பாகக் கொடுக்கும் நான்கு பிஸ்கற் அதில் ஏறத்தாழ மூன்றிலொன்றை எடுத்துவிடும். கொழுத்த பொமரேனியன் அழகாக இருக்கலாம். ஆனால் அதன் முழங்காலும் இதயமும் மூச்சுக்குழாயும் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டா.

வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை போதும். அவித்த கோழி இறைச்சி அல்லது முள் நீக்கிய மீன், கொஞ்சம் சோறு, அவித்த பூசணி, கரட் என்று உப்பும் தூளும் இல்லாமல் கொடுக்கலாம். வீட்டுச் சாப்பாடு மட்டும் கொடுப்பவர்கள் கல்சியம் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு நான்கு வேளை கொடுக்க வேண்டும். ஒருவேளை தப்பினாலும் அதன் இரத்தத்தில் சீனி குறைந்து சோர்ந்து விழலாம், வலிப்பும் வரலாம். அப்படி நடந்தால் முரசில் கொஞ்சம் தேன் அல்லது சீனிப்பாகைத் தடவிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள்.

எங்கள் மண்ணின் இரண்டு பெருமைகள் நாய்க்கு ஆகாதவை. ஒன்று வெங்காயம். அது நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். கறியில் வெந்தாலும் நஞ்சு போகாது. அதனால்தான் கறிச்சோறு கூடாது என்கிறோம். மற்றது முந்திரிகைப்பழம். பச்சையாகவோ கேக்கில் போடும் வற்றலாகவோ எதுவானாலும் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். சொக்கலேற்றும் நஞ்சு. வெளிநாட்டுப் பெட்டி வந்த நாளில் கவனம். சமைத்த கோழி எலும்பு உடைந்து கூராகிக் குடலைக் குத்தும்.

படலையடி நாய் ஒருநாள் கறிச்சோறு தின்று தப்பியிருக்கும். அதன் நிறை பதினைந்து கிலோ. மூன்று கிலோ நாய்க்கு அதே அளவு ஐந்து மடங்கு நஞ்சு. மருந்துக்கும் இதே கணக்குத்தான். காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கைக்கு வந்த அளவில் பூசுவதும் சின்ன நாயின் உயிரை எடுத்துவிடும்.

கவனிக்க வேண்டிய நோய்கள்

வாத்துக் கத்துவது போல் வரட்டு இருமல் இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்குகிறது என்று எண்ணுங்கள். கழுத்தில் பட்டி கட்டி இழுத்தால் இது மோசமாகும். நடக்கக் கூட்டிப்போகும்போது கயிற்றை நெஞ்சோடு சுற்றிப் போடும் பட்டியில் கட்டுங்கள். ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி நொண்டினால் முழங்காற் சில்லு விலகியிருக்கலாம். ரைல்ஸ் பதித்த வழுக்கும் நிலத்தில் பாய் ஒன்றை விரித்துவிடுங்கள். கதிரையிலிருந்து குதிக்க விடாதீர்கள். சிறிய வாய்க்குள் பற்கள் நெருங்கியிருப்பதால் சீக்கிரம் ஊத்தை பிடித்து விழுந்துவிடும். சிறு பிரஷால் நாய்களுக்கான பற்பசை போட்டுத் தேயுங்கள். எங்களுடைய பற்பசை அதற்கு ஆகாது.

உண்ணியைத் தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடுங்கள். முரசு வெளிறி, சாப்பாடு மறுத்து, சிறுநீர் கறுத்துப் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

விசர்நாய்த் தடுப்பூசி

"இது வெளியே போகாத நாய், ஊசி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதற்கான பதிலை மறக்காதீர்கள். விசர் நோய் நாயால் மட்டும் வருவதல்ல. மதிலேறி வரும் பூனையாலும் வளவுக்குள் ஓடும் கீரியாலும் வரலாம். படலை திறந்த ஒரு நிமிடத்தில் தெருநாய் கடித்துவிட்டுப் போகலாம். அடர்ந்த உரோமத்துக்குள் அந்தக் காயம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகும் அதே நாய் பிள்ளையின் முகத்தை நக்கும், பாட்டியின் மடியில் படுக்கும். படலையடி நாயைவிட வீட்டுக்குள் வாழும் நாய்க்குத்தான் இந்த ஊசி கூடுதல் அவசியம்.

இலங்கையில் 1973ஆம் ஆண்டு 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும் கடிபட்டவர்களுக்குச் சிகிச்சை கிடைத்ததாலும் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆனாலும் அண்மைய ஆண்டுகளிலும் இருபது, முப்பது பேர் வரை இறந்துள்ளனர். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்ற மருந்து இல்லை. ஆகவே ஆண்டுதோறும் ஊசி போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பாவோ, டிஸ்ரெம்பர் போன்ற நோய்களுக்கான ஊசிகளையும் பூச்சி மருந்தையும் எப்போது கொடுப்பது என்று உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாயைப் பிரதேச சபையிலோ நகர, மாநகர சபையிலோ பதிந்துகொள்வதும் சட்டப்படி உங்கள் கடமை.

சின்ன நாய் கீறினாலும் கடிதான். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிகிச்சை இலவசம். நாயைக் கொல்லாமல் கட்டி வைத்து 14 நாள் அவதானியுங்கள். ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

வாங்குமுன் ஒரு கேள்வி

நன்றாகப் பார்த்தால் பொமரேனியன் 12 முதல் 16 ஆண்டுகள் வாழும். இன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு வாங்கினால், அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் முடித்த பின்னும் நாய் இருக்கும். அம்மாவுக்குத் துணையாக வாங்கினால், அவர் விசா கிடைத்துப் புறப்படும் நாளில் அதை யார் பார்ப்பது? வீட்டுக்குள் வளர்ந்த இந்த நாய் வீதியில் விட்டால் ஒரு கிழமையும் தாங்காது. குட்டி விற்றுக் காசு பார்க்கும் எண்ணத்தில் ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்ப்பதும் கொடுமை. இடுப்பு ஒடுங்கிய இந்தத் தாய்க்குப் பல தடவை சத்திரசிகிச்சையால்தான் குட்டி எடுக்க வேண்டி வரும். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பதில் சொல்லுங்கள். "நான் பார்க்கிறேன்" என்று ஒருவராவது பெயர் கொடுத்த பின் குட்டியைக் கொண்டுவாருங்கள். பெயர் கொடுக்க ஆளில்லாத வீட்டுக்குப் படலையடி நாயே போதும். அதற்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட மறக்காதீர்கள்.