கடைவீதியில் முப்பது பேர்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழப் பாதி வழியில், செம்மண் மேடும் முந்திரிக் காடும் கடலைக் கொல்லையுமாக விரிந்து கிடக்கும் பூமியின் நடுவே அமைந்த கந்தர்வக்கோட்டையின் கடைவீதியில், சென்ற ஹிரோஷிமா தினத்தன்று மாலை, உலகில் எங்கும் யுத்தம் வேண்டாம் என்று எழுதிய தட்டிகளை ஏந்திச் சுமார் முப்பது பேர் ஒரு மணி நேரம் நின்றோம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து அனுமதி பெற்றிருந்தபடியால் தள்ளுமுள்ளு ஏதும் நிகழவில்லை, ஒலிபெருக்கி வைக்கவில்லை, பேருந்துகள் வழக்கம்போல வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. செய்தி என்ற அளவில் அவ்வளவுதான். ஆயினும் இத்தகைய காரியத்தைப் பெருநகரத்தார் செய்வது ஒன்று, எங்களைப் போன்ற ஊரார் செய்வது முற்றிலும் வேறொன்று என்பதை அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியபடியால், அதைப் பற்றி எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன்.

எங்கள் ஊர் பழமையில் ஊறிய ஊர் என்று நான் சொல்வது நிந்தனையன்று. கொடிக்கம்பங்களுக்கு இங்கே குறைவில்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த தொகுதி இது. ஆனால் ஓட்டுச் சாவடியின் மறைப்புக்குள் மனிதன் தனியனாக இருக்கிறான். கடைவீதியிலோ அவன் இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், இன்ன கரையைச் சேர்ந்தவன். கோயில் திருவிழாவில் எந்தக் கரைக்கு எத்தனையாவது மரியாதை என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும் ஜனங்கள், யார் எந்தத் தட்டியோடு எந்த மூலையில் நின்றார் என்பதையும் மறக்கமாட்டார்கள். சென்னையில் பல்லாயிரவரில் ஒருவராக நிற்பவருக்கு முகம் இல்லை. இங்கே நிற்பவருக்கு முகம் மாத்திரமல்ல, மூன்று தலைமுறைப் பெயரும் இருக்கிறது. நாளைக் காலையில் பால் வாங்கப் போகும்போதும், அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் உட்காரும்போதும், நேற்று நின்றதற்கு விடை சொல்லவேண்டும். பெண்களுக்கு இந்தச் சங்கடம் இருமடங்கு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்ட வைத்தபோது எழுந்த கேலியையும், அந்தக் கேலி அடங்கிச் சைக்கிள் மிஞ்சியதையும் கண்டவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். ஆயினும் வீதியில் நின்று கோஷம் போடுவது குடும்பப் பெண்ணுக்கு அழகல்ல என்ற அபிப்பிராயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எனக்கு உறவுமுறையில் மாமா, எழுந்து வந்து கேட்டார்: "ஏன் மாப்ளே, எவனோ எங்கயோ அடிச்சுக்கிறான். கஜாப் புயல்ல சாஞ்ச முந்திரிக்கு இன்னும் விடிவு வரலை. அதுக்கு நில்லுங்க, நானும் வந்து நிக்கிறேன்." 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் அடித்த அந்தக் காற்றில், தகப்பன் வைத்து மகன் பலன் கண்ட மரங்கள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்ததை அறிந்தவர் எவரும் அவர் கேள்வியை அற்பமென்று தள்ளமாட்டார்கள். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி முன்னே வந்தார். முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைப்பவர். கொட்டையின் தோலிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு, எத்தனை சாம்பல் பூசிக்கொண்டாலும் நீங்காமல், அவர் விரல் நுனிகள் கறுத்துத் தோலுரிந்திருந்தன. ஏந்தியிருந்த அட்டையின் விளிம்பிலும் அந்தக் கறை படிந்திருந்தது. "எங்கயோன்னு சொல்லாதீங்கய்யா. என் மவன் கத்தார்ல கம்பி கட்டுறான். அங்கன குண்டு விழுந்த அன்னிக்கி ராத்திரி விடியவிடிய போன் போகலை" என்றார். 2025 ஜூன் 23-ஆம் தேதி, கத்தாரிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசிய இரவைத்தான் அவர் குறிப்பிட்டார். மாமா மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மாள் சொன்னதற்குச் சரித்திரம் நெடுகச் சாட்சியம் இருக்கிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மானியக் கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்துவிட்டுப் போனது. அதன் பெயரான 'எம்டன்' பொல்லாத மனிதனைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அடுத்த மகாயுத்தம் தமிழருக்குச் செய்தது அதனினும் கொடியது. மலேயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கப்போன நம் ஜனங்களில் பல்லாயிரவரை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காக 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் கொண்டுசென்றார்கள். அங்கே மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. காலராவிலும் பட்டினியிலும் அவர்களைக் காட்டிலும் அதிகமாக மாண்ட ஆசியக் கூலிகளில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. அந்தக் கொடுமையைச் செய்த அதே ஜப்பானில்தான், 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி காலையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீதியிலேயே கருகினார்கள். ஹிரோஷிமாவுக்காக நிற்பவன் ஜப்பானுக்காக நிற்கிறான் என்று எண்ணுவோர் இதைச் சிறிது யோசிக்கவேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே லேனாவிளக்கிலும் அழியாநிலையிலும் தோப்புக்கொல்லையிலும் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பின் பல அலைகளாகக் கடல் கடந்து வந்தவர்களுடைய பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் அங்கே பிறந்து, படித்து, மணம் முடித்து வாழ்கிறார்கள். ஆயினும் பெரும்பாலோர் இன்னும் இந்நாட்டுப் பிரஜைகள் அல்லர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள்' என்ற சொல்லை நீக்கி 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் சூட்டியது. நல்ல காரியம்தான், பெயரளவில். அத்தகைய முகாம் ஒன்றில், தகரக் கூரை வேய்ந்த பத்தடி அறையின் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, குழாயடியில் குடங்கள் வரிசை நிற்பதைப் பார்த்துக்கொண்டே, "எங்கட வீட்டுக் கிணத்தில இப்ப ஆர் தண்ணி அள்ளுகினமோ தெரியேல்லை" என்று சொன்னதை நான் பல ஆண்டுகளாக மறக்கவில்லை. யுத்தம் முடிந்ததாக இலங்கை அரசு அறிவித்தது 2009 மே மாதத்தில். அந்த அம்மாளுக்கு அது முடிந்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை எங்களைக் கேள்வி கேட்ட மற்றொருவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். இந்தப் பக்கத்துக் கிராமாந்தரங்களில் பட்டாளத்தார் என்றால் தனி மரியாதை உண்டு. அது தகுதியான மரியாதை. "பட்டாளத்துக்கு எதிராவா நிக்கிறீக?" என்று அவர் கேட்டபோது குரலில் கோபத்தைக் காட்டிலும் வருத்தமே மிகுந்திருந்தது. அவர் 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய்த் திரும்பியவர் என்பதை நான் அறிவேன். அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அவ்வாண்டு ஜூலை 29-ல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின் பேரில் கடல் கடந்து அனுப்பப்பட்ட இந்திய வீரர்களில், 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்புவதற்குள், ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அனுப்பும்போது நாட்டில் பெரிய விவாதம் நடக்கவில்லை. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர், ஈராக்கைக் கைப்பற்றிய அமெரிக்கா, அங்கே காவல் காக்க ஒரு டிவிஷன் அளவு இந்தியப் படையைக் கேட்டது. ஆனால் அதற்குள், 2003 பிப்ரவரி 15-ல் உலகத்தின் நூற்றுக்கணக்கான நகரங்களில் லட்சக்கணக்கானோர் யுத்தத்துக்கு எதிராக வீதிக்கு வந்துவிட்டார்கள். நம் ஊர்களிலும் கட்சிகளும் சங்கங்களும் ஊர்வலம் போயின. மக்களவை ஏப்ரல் 8-ஆம் தேதி அந்த யுத்தத்தைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தனை எதிர்ப்பையும் மீறிப் படை அனுப்ப வாஜ்பாய் அரசுக்கு மனம் வரவில்லை. ஜூலை 14-ஆம் தேதி, அனுப்புவதற்கில்லை என்று கூறிவிட்டது. அன்று வீதியில் நின்றவர்கள் அமெரிக்காவைத் தடுத்துவிடவில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்நியனுடைய யுத்தத்தில் பாக்தாதிலும் பஸ்ராவிலும் மடியாமல் போனதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. யுத்தம் வேண்டாம் என்பவன் சிப்பாய்க்கு எதிரி என்றால், சிப்பாயைச் சிந்தனையின்றி அனுப்புகிறவன் அவனுக்கு யார்?

அவர் விடை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தட்டியையும் வாங்கவில்லை. சாய்ந்த வெயில் பெண்கள் நின்ற பக்கமாக அடிப்பதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேப்பமரத்து நிழலில் நிறுத்தியிருந்த தம் டிவிஎஸ் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சாலைக்கு அப்பால் நிறுத்தினார்; அந்த இடத்தில் நான்கு பேர் நிழலில் நின்றார்கள்.

யுத்த எதிர்ப்பாளர்களாகிய எங்களிடத்திலும் குற்றம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தனக்கு வேண்டாத நாடு குண்டு போட்டால் துடிப்பதும், தான் மதிக்கும் நாடு போட்டால் மௌனம் சாதிப்பதும் எங்களில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் பிரவேசித்தபோது, அங்கே வைத்தியம் படிக்கப்போன தமிழ்நாட்டு மாணவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நிலவறைகளில் பதுங்கிக் கிடந்தும், சூரியகாந்தி எண்ணெயின் விலை நம் அடுப்பங்கரை வரை வந்து தட்டியும், எங்கள் கடைவீதியில் ஒரு தட்டியும் எழவில்லை. காஸாவில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதைக் கண்டிப்பவன், அதற்கு முன் 2023 அக்டோபர் 7-ல் இஸ்ரேலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரையும் சொல்லவேண்டும். சொன்னால் கண்டனத்தின் வலிமை குறையாது, கூடும். இதை நான் சொன்னபோது எங்கள் முப்பது பேரிலேயே சிலருக்குப் பிடிக்கவில்லை.

பிரயோஜனம் என்ன என்ற கேள்விக்கு எப்போதும் ஈராக் விஷயம்போல நல்ல விடை கிடைப்பதில்லை. இலங்கை யுத்தத்தை நிறுத்தக் கோரி 2008 அக்டோபரில் கொட்டும் மழையில் சென்னையில் நின்ற மனிதச் சங்கிலியும், அதன் பின் தமிழகமெங்கும் நடந்த உண்ணாவிரதங்களும் கடையடைப்புகளும் முள்ளிவாய்க்காலைத் தடுக்கவில்லை. 2009 ஜனவரி 29-ல் முத்துக்குமார் என்ற இளைஞர் சென்னையில் தம் உயிரையே தீக்கு இரையாக்கினார். அவருடைய துயரத்தை வணங்குகிறேன், அந்த வழியை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உயிரோடு இருந்து, வருஷந்தோறும் அதே மூலையில் வந்து நிற்கிற மனிதரே இந்தக் காரியத்துக்கு வேண்டும்.

அப்படி நிற்பது நமக்குப் புதிதும் அன்று. 1940 அக்டோபர் 17-ல் காந்தியடிகள் வினோபா பாவேயை முதல் மனிதராகத் தேர்ந்து தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கியபோது, இன்ன நாளில் இன்ன இடத்தில் யுத்தத்துக்கு எதிராகப் பேசப்போகிறேன் என்று அதிகாரிக்கு முன்னதாகவே எழுதித் தெரிவித்துவிட்டு, ஒவ்வொருவராகப் போய்ப் பேசிக் கைதாவதே முறையாக இருந்தது. நாடு முழுவதும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு சிறை சென்றார்கள். ராஜாஜி அவ்வாண்டு டிசம்பரில் கைதாகி ஓராண்டுத் தண்டனை பெற்றார். வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த காமராஜரை, சிறையில் இருக்கும்போதே, விருதுநகர் நகரசபைத் தலைவராக அவ்வூரார் தேர்ந்தெடுத்தார்கள். ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்த முழக்கம் முழுதும் சரிதானா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் சொந்த ஊர் வீதியில், துணையின்றி, கையில் ஆயுதமின்றி, ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போன அந்த மனிதர்களுடைய நெஞ்சுரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது கந்தர்வக்கோட்டை தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு ஜமீன். பக்கத்தில் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். இன்று ஜமீனும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. மனுக் கொடுத்தால் காவல் நிலையத்தில் அனுமதியும் தருகிறார்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற சங்கோசம் ஒன்றுதான் நமக்குத் தடையாக மிஞ்சியிருக்கிறது.

வருகிற ஆகஸ்டு ஆறாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அதே கடைவீதியில், அதே வேப்பமரத்தடியில் மீண்டும் நிற்கப்போகிறோம். எந்தக் கட்சிக் கொடியும் இராது. பெண்கள் பிள்ளைகளோடு வரலாம். பட்டாளத்தில் இருந்தவர்கள் அவசியம் வரவேண்டும். முந்திரிக்கு நிற்கும்போது எங்களையும் அழைக்கும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். வருவோம் என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன்.